கோம்பை நாய்க்கு எந்தக் கவசம்?

கோம்பையிலிருந்து பண்ணைப்புரம், தேவாரம் பக்கம் போனால் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். மலையடிவாரத் தோட்டங்களில் வாழை, தென்னை, நிலக்கடலை, மரவள்ளி. இருட்டியதும் காட்டுப்பன்றி இறங்கிவிடுகிறது. காவல் குடிசைக்கு ஒரு நாயாவது இல்லாமல் இங்கே வெள்ளாமையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. செவலை உடம்பும் கருமூஞ்சியுமாக நிற்கும் கோம்பை நாய் ஒரு காலத்தில் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையையும் சொன்னபோது இந்த ஊரின் பெயர் நாடெங்கும் கேட்டது. பன்றி கிழித்த நாயைத் தையல் போட்டுத் தேற்றியவர்கள், வெளிநாட்டில் வேட்டைநாய்க்குப் போடும் கவசம் வாங்கலாமா என்று விசாரிக்கிறார்கள். கவசம் தேவைதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த மலையடிவாரத்து நாய்க்கு வேண்டியது வேட்டைக் கவசம் அல்ல, காவல் கவசம். இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை.

முதல் காரணம் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்று சொல்வதில் கொல்வது மட்டுமல்ல, துரத்துவதும் பொறிவைப்பதும் அடங்கும். நாயை ஏவிப் பன்றியை விரட்டிப் பிடிப்பது அப்படியே குற்றம். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுடலாம் என்று 2025-இல் தமிழக அரசு இசைந்ததும் வனத்துறையினருக்கு மட்டுமே. 2021-இல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமும் வந்துவிட்டது. ஆகவே தோட்டத்து எல்லைக்குள் நின்று குரைத்து ஆளை எழுப்புவதே நாயின் வேலை. அந்த வேலையில் இருக்கும்போது அதன் உடம்பில் எங்கே அடி விழும் என்பதை வைத்துத்தான் கவசத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

அடி இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஆண் பன்றியின் கீழ்க்கோரை மேற்கோரையோடு உரசி உரசிக் கத்திபோல் தீட்டப்பட்டிருக்கும். அது தலையைக் கீழே தாழ்த்தி மேல்நோக்கி வெட்டும். நாயின் நெஞ்சும் அடிவயிறும் தொடையும்தான் கிழிபடும். சிறுத்தையின் வழி வேறு. அது கழுத்தைக் கவ்வும். மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் நடந்த ஆய்வில் சிறுத்தைகள் தின்ற இரையின் எடையில் சுமார் 39 விழுக்காடு நாயாகவே இருந்தது. காட்டை ஒட்டிய தோட்டத்தில் நாய்தான் சிறுத்தைக்குக் கைக்கெட்டும் இரை. இமயமலையில் ஆடு மேய்க்கும் கத்தி இனத்தவர் தங்கள் நாய்களுக்கு இரும்பு முள் வைத்த பட்டை கட்டுவதும் இதற்காகத்தான். வெளிநாட்டுக் கவசம் பெரும்பாலும் தடித்த நைலானையும் கெவ்லாரையும் அடுக்கி முதுகு, விலா, வயிறு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. அரை மணி நேரத் துரத்தலுக்கு அது சரி, குளிர்நாட்டுக்கும் சரி. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே சூட்டை இறக்குகிறது. இயல்பாக 38.5 டிகிரி அளவில் இருக்கும் அதன் உடல்வெப்பம் 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சித்திரை வெக்கையில், காற்றில்லாத இரவில், முழு உடம்பையும் மூடி விடியவிடியக் கட்டிவைத்தால் பன்றி செய்யாததைக் கவசமே செய்துவிடும். நான் சொல்வது இதுதான்: கழுத்துக்கு அகலப் பட்டை, முன்னெஞ்சை மூடி முன்னங்கால்களுக்கு இடையே ஓடி வயிற்றுக்குக் கீழ் வரும் ஒரு துண்டு. முதுகு திறந்தே கிடக்கட்டும்.

இதைத் தைக்கத் தெரிந்த கைகள் உள்ளூரிலேயே இருக்கின்றன. அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி சல்லிக்கட்டு மாடுகளுக்குச் சலங்கைப் பட்டை தைப்பவர்களின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இது விளங்கும். தோலை அளந்து வெட்டியதும் அவர்கள் நேரே தைக்க உட்காருவதில்லை. விளிம்பைச் சீவி மெலிதாக்கி, உள்பக்கமாக மடித்து, அடித்துப் படியவைக்கிறார்கள். மாட்டின் தோலில் வெட்டுவிளிம்பு படக்கூடாது என்பதற்காக. பிறகு குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலை இருபுறமிருந்தும் கோத்து இழுக்கிறார்கள். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். நாய்க் கவசத்தில் கெட்டுப்போகும் இடமும் அந்த விளிம்புதான். முன்னங்கால் இடுக்கில் தடித்த விளிம்பு உரசினால் மூன்றாம் நாள் புண், அதற்கடுத்து ஈ, புழு. கடையில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று வாங்குவதில் இந்த இடுக்கு ஒருபோதும் சரியாக அமையாது. கழுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்று, கழுத்தடியிலிருந்து வயிறு வரை நீளம் என மூன்றையும் அந்தந்த நாய் மேலேயே அளக்க வேண்டும். கட்டியபின் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கழுத்துக்குத் தோல், நெஞ்சுக்கு இரட்டை மடிப்புத் தார்ப்பாய்த் துணி என்பது என் தேர்வு. தோல் நனைந்தால் கனக்கும், துணி சீக்கிரம் காயும்.

கவசம் மாட்டினால் ஆளுக்குத் துணிச்சல் வந்து நாயைப் பன்றி மேல் ஏவிவிடுவார் என்பார்கள். நியாயமான பயம். முழுக் கவசத்தைப் பொறுத்தவரை நான் அதை மறுக்கவே மாட்டேன்; அது பாய்வதற்காகவே தைத்தது. முதுகும் தொடையும் திறந்த கவசத்தோடு நாயைப் பன்றிக் கூட்டத்துக்குள் விட எந்த வளர்ப்பாளரும் தயங்குவார். பட்டையில் சங்கிலி வளையமும் சேர்த்துத் தைத்தால், தோட்டத்துக் கம்பி நீளத்துக்கு ஓடும்படி நாயை மாட்டிவைக்கலாம். அது காட்டுக்குள் போகவும் வழியில்லை. எங்கள் தாத்தன் பாட்டன் காலத்தில் நாய்க்கு ஏது சட்டை என்று கேட்பவர்களும் உண்டு. அன்று ஒரு நாய் செத்தால் ஊரில் இன்னும் பத்து இருந்தது. இன்று கலப்பில்லாத கோம்பை அரிது. நல்ல காவல்நாய் ஒன்று குட்டி போடுமுன் கிழிபட்டுச் செத்தால், அந்த வழியே அற்றுப்போகிறது.

கவசத்தால் ஆகாததும் இருக்கிறது. சுருக்குக்கம்பி, தின்பண்டத்துக்குள் வைக்கும் வெடியான அவுட்டுக்காய், திருட்டு மின்வேலி ஆகியவை பன்றிக்கென்று வைத்தவையானாலும் அவற்றில் முதலில் சிக்குவது பல நேரம் நாய்தான். எந்தத் தோலும் அவற்றைத் தடுக்காது. கண்டால் வனத்துறைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். தடுப்பூசியையும் இதோடு சேர்த்தே நினைக்க வேண்டும். 2018-இல் கிர் காட்டில் சிங்கங்களைக் கொன்ற வைரஸ் நாய்களுக்கும் வருவதுதான். காட்டோரத்து நாய்க்கு ஊசி போடுவது காட்டுக்கும் காப்பு. உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28-ஐ ஒட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும்போது, உத்தமபாளையம் வட்டாரத்து முகாம்களில் பட்டை தைப்பவர் ஒருவரையும் அளவுநாடாவோடு உட்கார வைக்கலாம். மருத்துவர் பக்கத்தில் இருந்தால் இடுக்கில் உரசும் இடத்தை அப்போதே காட்டித் திருத்திவிடலாம்.