576 யார் வைத்த எண்?

டல்லாஸில் இருக்கும் என் அண்ணன் எந்தப் பேச்சையும் தில்லி ஆர்.கே.புரம் வீட்டு இன்டர்நெட்டில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியவன். “நான் 576 போட்டேன், அதுக்கப்புறம் நம்ம வீட்டுல நெட் பறந்துச்சு” என்பான். போன தீபாவளிக்குக் குடும்ப வாட்ஸ்அப்பிலும் அதையே போட்டான். அக்கா பையன் கைதட்டும் பொம்மையாக வரிசைகட்டி அனுப்பினான். எனக்கு எரிச்சல். அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். பறந்தது என்பதெல்லாம் பெரிய வார்த்தை. அறுந்து அறுந்து விழுந்துகொண்டிருந்தது ஒரு கட்டத்தில் நின்றது, அவ்வளவுதான் என் நினைவு.

டயல்-அப்போடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: நெட்டில் போகிற வருகிற எதுவும் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும், ஒரு பொட்டலம் அதிகபட்சம் எத்தனை பைட் என்பதை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ‘மேக்ஸ் எம்டியு’ என்று எழுதி வைத்திருக்கும். அங்கே 1500 இருந்தால் அழித்து 576 என்று போடுவது அந்தக் கால வேத மந்திரம். இந்த ஒரு வேலைக்காகவே ‘எம்டியு ஸ்பீட்’, ‘ட்வீக் டன்’ என்றெல்லாம் குட்டி மென்பொருள்கள் வந்தன. நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தவர் சொன்னார், கல்லூரி சீனியர் சொன்னார், எல்லோரும் 576 என்றார்கள். ஏன் 500 இல்லை, 600 இல்லை என்று அண்ணனைக் கேட்டேன். “இந்தியன் டெலிபோன் லைனுக்கு அதுதாண்டா கரெக்ட்” என்றான். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

தேடிப் போனால் நம் டெலிபோன் லைன் எங்குமே வரவில்லை. 1981 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 791, இன்டர்நெட் நெறிமுறையின் மூல ஆவணம். தொகுத்தவர் ஜான் போஸ்டல். எந்தக் கணினியும் 576 பைட் வரையுள்ள பொட்டலத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி. காரணமும் அங்கேயே இருக்கிறது: சரக்குக்கு 512 பைட், மேலே ஒட்டும் தலைப்புகளுக்கு 64, கூட்டினால் 576. வேகத்தைப் பற்றி மூச்சு இல்லை. வழியில் உள்ள எல்லாக் கம்பியும் 576ஐ உடைக்காமல் கடத்தியாக வேண்டும் என்றுகூட இல்லை. அந்தக் கட்டாயம் 68 பைட்டுக்குத்தான். பிறகு 1989 அக்டோபரில் ஆர்எஃப்சி 1122 வந்து, வெளி நெட்வொர்க்குக்கு அனுப்பும்போது, வழியின் அளவு தெரியாவிட்டால் 576க்குள் வைத்துக்கொள் என்றது. வாங்குபவனின் குறைந்தபட்சத் தகுதி, அனுப்புபவனின் உச்சவரம்பாகிவிட்டது.

நடுவில் ஒரு நப்பாசை. 1983இல் வந்த ஆர்எஃப்சி 877, எக்ஸ்.25 என்ற பழைய தரவு வலையமைப்பின் மேல் இன்டர்நெட் பொட்டலத்தை அனுப்புவது பற்றியது. அதிலும் 576! எக்ஸ்.25 என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொலைத்தொடர்புத் துறையின் ஐ-நெட் எக்ஸ்.25தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட விஎஸ்என்எல், அதற்கு முன்பே வெளிநாட்டுக்குத் தரவு அனுப்ப நடத்திய சேவையும் எக்ஸ்.25தான். அப்படியானால் அண்ணன் சொன்ன ‘இந்தியன் லைன்’ கதைக்கு எங்கோ ஒரு வேர் இருக்கிறதோ? இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். ஆனால் எங்கள் வீட்டு மோடம் பேசியது பிபிபி என்ற நெறிமுறை. அதற்கும் எக்ஸ்.25க்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. போதாததற்கு, எக்ஸ்.25க்கான வரம்பையே 1992இல் 1600 ஆக்கிவிட்டார்கள்.

சரி, எண் எங்கிருந்து வந்தால் என்ன, வேலை செய்ததா? கணக்குப் போட்டேன். விநாடிக்கு 28,800 பிட் வேகத்தில் 1500 பைட் பொட்டலம் ஒன்று கடந்து முடிய 0.42 விநாடி. 576 பைட் என்றால் 0.16. ஒரு பக்கம் பாட்டு இறங்கிக்கொண்டிருக்க, மறுபக்கம் சாட்டில் ‘ஹாய்’ அடிப்பவனுக்கு இந்த வித்தியாசம் தெரியும். பெரிய பொட்டலத்துக்குப் பின்னால் அவனுக்கு வரும் பதில் காத்துக் கிடக்காது. டவுன்லோடுக்கு? ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 40 பைட் தலைப்புச் செலவு. 1500இல் அது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு, 576இல் ஏறக்குறைய ஏழு. அதாவது நஷ்டம். அந்த 40ஐச் சில பைட்டுகளாகச் சுருக்கும் வழியை வான் ஜேக்கப்சன் 1990இலேயே எழுதிவிட்டதால் நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். வழியில் எங்காவது பொட்டலம் உடைந்தால் மட்டும் 576க்கு வெற்றி.

இதையெல்லாம் எழுதி அண்ணனுக்கு அனுப்பத் தயாரானபோது அப்பாவின் ஃபைலில் அந்தக் கம்ப்யூட்டரின் பில் கிடைத்தது. 1999. விண்டோஸ் 98. விண்டோஸ் 95 வேறு, 98 வேறு. 98இன் டயல்-அப் அடாப்டரில் பொட்டல அளவுக்கென்று ஒரு தேர்வு உண்டு; ‘தானியங்கி’ என்று விட்டுவைத்தால் மெதுவான லைனில் அதுவே 576ஐ எடுத்துக்கொள்ளும். அண்ணன் எழுதுவதற்கு முன்பே அந்த எண் அங்கே இருந்தது!

கொண்டாடிவிட்டு அம்மாவிடம் சொன்னேன். “என்னவோ, அந்த மழைக்குப் பெறகு லைன் நல்லாத்தானே இருந்துது” என்றாள். மழைக்குப் பிறகு. இதை நான் யோசிக்கவே இல்லை. மாறியது எது என்று கேட்க ஒரே ஆள்தான் இருந்தார்.

அண்ணாச்சி தொலைபேசித் துறையில் கேபிள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்பாசமுத்திரம் பக்கம். தமிழ்ச் சங்கத்துக்கு இரண்டு தெரு தள்ளி குவார்ட்டர்ஸில் இருந்தார். இப்போது மகனோடு துவாரகாவில். கிருத்திகைக்கு மலை மந்திர் கோயிலுக்கு வருவார் என்று போய்ப் பிடித்தேன். படியிறங்கிச் செருப்பு மாட்டும்வரை பொறுத்து 576 என்று ஆரம்பித்தேன்.

“நம்பர்ல என்ன வே இருக்கு? தண்ணி ஏறுன கேபிளுக்கு நீரு எந்த நம்பரைப் போட்டாலும் கரகரன்னுதான் இருக்கும்.”

கணக்குப் போட்ட தாளைக் காட்டினேன். வாங்கி, பார்க்காமலே மடித்து, அதன் முதுகில் படம் போட ஆரம்பித்தார். எக்ஸ்சேஞ்சிலிருந்து கேபினெட், கேபினெட்டிலிருந்து பில்லர், பில்லரிலிருந்து சுவரில் அடித்த டிபி பெட்டி, அங்கிருந்து வீட்டுக்கு டிராப் வயர். பழைய கேபிளில் செம்புக் கம்பிக்கு மேல் சுற்றியிருப்பது காகிதம் என்றார். மேலே ஈய உறை. உறை எங்காவது விட்டால் காகிதம் நீரை உறிஞ்சும், ஒரு ஜோடிக் கம்பியிலிருந்து (அவர் மொழியில் ‘பேர்’) பக்கத்து ஜோடிக்கு மின்சாரம் கசியும். பேசுகிறவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் குரல் கேட்கும். “பேசுதவன் சத்தமாப் பேசிச் சமாளிச்சுருவான். ஒங்க மோடம் என்ன செய்யும்? கத்தும். திரும்பத் திரும்பக் கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டே லைன் எப்படின்னு சொல்லிருவேன்.”

நான் விடாமல், “அண்ணாச்சி, செட்டிங்ல எதுவுமே இல்லையா?” என்றேன்.

“இருக்கு. வேகத்தைக் கொறைக்கணும்.”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. வேகமாக்க வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை அவர் மூன்று விதமாகச் சொன்னார், நடுவில் ஒரு டீயும் குடித்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மனிதர் சொன்னது அச்சு அசலாகச் சரி. வி.34 மோடம்கள் 2,400 என்ற படிகளில் ஏறி இறங்கும்: 26,400, 28,800, 31,200, 33,600. இரைச்சலுள்ள லைனில் முதல் பேச்சுவார்த்தையில் ஆசைப்பட்டு 31,200க்கு ஒத்துக்கொள்ளும். பிறகு பிழை மேல் பிழை வரும், அனுப்பியதையே மறுபடி அனுப்பும், தாங்காமல் எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து பேசத் தொடங்கும். அந்தப் பல விநாடிகள் ஒரு பைட் நகராது. அதிலும் தோற்றால் லைன் கட். முதலிலேயே உச்சம் 26,400 என்று கட்டிப்போட்டால் சத்தமில்லாமல் மணிக்கணக்கில் ஓடும். 56கே என்று பெட்டியில் போட்டிருந்தவர்களுக்கும் இதே கதிதான். 1998இல் வந்த வி.90க்கு எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவே சுத்தமான கம்பி வேண்டும்.

“எங்க வீட்டு லைனை நீங்க பாத்தீங்களா?” என்றேன் கடைசியாக.

“ஒங்க அப்பா வந்து நின்னாரு. மதுரைத் திட்டத்துல ஏதோ பொஸ்தகம் எறக்கணும், பாதியில அந்து போகுதுன்னாரு. பில்லர்ல நல்ல பேர் ஒண்ணு சும்மா கெடந்துது. மாத்திக் குடுத்தேன்.”

அப்பா படித்த நூல்கள் எனக்கு நினைவிருக்கிறது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய அந்தத் தமிழ் மின்னூல் திட்டத்தின் கோப்புகளைத் தனி ஃபோல்டரில் வைத்திருந்தார். அவர் அண்ணாச்சியிடம் போய் நின்றது தெரியாது. அம்மாவிடம் பழைய டெலிபோன் டைரியை எடுக்கச் சொன்னேன். ‘எம்’ பக்கத்தில் அண்ணன் கையெழுத்தில் பச்சை மையில் பெரிதாக 576, அடியில் இரண்டு கோடு. அதற்குக் கீழே அப்பாவின் பொடி எழுத்தில், +எம்எஸ் என்று தொடங்கும் மோடம் கட்டளை. கடைசி எண் 26400. பக்கத்திலேயே ‘பேர் மாத்தியாச்சு’ என்று ஒரு வரி.

என் தீர்ப்பு இதுதான்: எங்கள் லைனைத் தேற்றியது பில்லரில் மாற்றிய ஒரு ஜோடிக் கம்பியும் அப்பா குறைத்த வேகமும். 576க்கு இதில் பங்கு இல்லை. அண்ணன் டைரிப் பக்கத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, “பச்சை மை மேல இருக்கு பாரு, அதுதான் முதல்ல” என்று பதில் போட்டிருக்கிறான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். 1999, 2000 வாக்கில் தில்லியில் ஓடிய ஹார்ட் டிஸ்க் உங்கள் பரணில் இருந்து, அது இன்னும் உயிரோடும் இருந்தால், விண்டோஸ் ஃபோல்டரில் மோடம் லாக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வேகத்தில் இணைந்தது என்று அதில் இருக்கும். முக்கியமாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுடையது. அனுப்பி வையுங்கள். கதை வேண்டாம், லாக் போதும்.