சான்றிதழுக்குச் சாட்சி யார்?

ஆவடியில் என் மாணவர் ஒருவரின் தந்தை, நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் கையொப்பமிட்ட இசைத்தட்டு உறை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். வாங்கிய கையோடு வேறொருவருக்கு விற்க முன்பணமும் பெற்றிருந்தார். "சான்றிதழே இருக்கிறதே, ஹஜ்ரத்" என்றார். வழங்கியவர் யாரெனப் பார்த்தேன், அவருக்கு விற்றவரேதான்! அதற்கு முன் அது எவரிடம் இருந்தது என்று ஒரு வரியும் இல்லை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடர் அறுந்தாலே செய்தி பலவீனமாகிவிடும். இங்கோ தொடரே இல்லை.

கையொப்பத்தின் கீழ் 1978 என்றிருந்தது. அதே தேதியிட்ட கடை முத்திரையில் ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தில் 'சென்னை'. ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' மாறியது 1996இல் அல்லவா? குறையை மறைத்து விற்பது ஆகாது என்பதால், முன்பணத்தைத் திருப்பித் தரச் சொன்னேன்.

பதினோராம் நூற்றாண்டில் கதீப் அல்பக்தாதி இவ்வாறே ஒரு போலியைப் பிடித்தார். கைபர்வாசிகளுக்கு நபி (ஸல்) அவர்கள் வரிவிலக்கு அளித்ததாக ஓர் ஆவணம். சாட்சிகள் முஆவியா (ரலி), ஸஅத் இப்னு முஆத் (ரலி). கைபர் வெற்றி ஹிஜ்ரி 7. முஆவியா இஸ்லாத்தைத் தழுவியது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல் என்றார் அவர். ஸஅதோ ஹிஜ்ரி 5லேயே மறைந்துவிட்டார்.

எல்லாப் போலியும் இத்தனை எளிதில் சிக்காது. பீட்டில்ஸ் இசைக்குழுவினரின் பெயரில், அவர்களுடைய உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் ரசிகர்களுக்குக் கையொப்பமிட்டுக் கொடுத்ததுண்டு. காகிதம் பழையது, மையும் பழையது, ஆண்டும் பொருந்தும். கை மட்டும் வேறு.