கப்பல் வச்ச காரு

எங்கள் வீட்டில் ஒரு கப்பல் இருக்கிறது. உள்ளங்கை நீளம்தான். மேலே பூசியிருந்த வெள்ளி மினுக்கு முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. பெரும்பாக்கத்தில் ஐந்தாவது மாடியில், அம்பேத்கர் படத்துக்குக் கீழே, ஆயா அதை வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் வேளாங்கண்ணித் திருவிழாவில் வாங்கின பொம்மை என்று நினைத்துக்கொள்வார்கள். அது ஒரு காரின் மூக்கில் இருந்த கப்பல். பிளைமவுத் என்கிற அமெரிக்கக் காரின் அடையாளம். என் தாத்தா அந்தக் காரை இருபத்திரண்டு வருசம் இன்னொருத்தருக்காக ஓட்டினார். பதினோரு வருசம் தனக்காக ஓட்டினார். ஆயாவுக்கு இன்றைக்கும் அது ‘கப்பல் வச்ச காரு’.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியது சென்னையில் நடந்த ஒரு பழைய கார் கண்காட்சியில். எனக்கு சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. பிளைமவுத் வருகிறது என்று ஒரு தோழர் சொன்னதால் போனேன். மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, மெழுகு போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். தாத்தா ஓட்டியதைப் போலவே 1952-ஆம் வருசத்து வண்டி ஒன்று. முன்னால் ஒரு பலகை. முதல் சொந்தக்காரர் யார், அவர் குடும்பப் பெருமை என்ன, அவரிடமிருந்து வாங்கியவர் யார், இப்போது யாரிடம் இருக்கிறது என்று வம்சாவளி எழுதியிருந்தது. எழுபது வருசத்தில் அதை ஓட்டினவன், துடைத்தவன், அடியில் படுத்து முகத்தில் ஆயில் சொட்டச் சொட்ட வேலை பார்த்தவன், ஒருத்தன் பேரும் இல்லை. பக்கத்திலேயே ‘தொடாதீர்கள்’ என்று ஒரு அட்டை. எனக்குச் சிரிப்பு வந்தது.

சொந்தக்காரர்கள் ஒரு மரத்தடியில் டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். பழைய கார் வைத்திருப்பவர்களின் பேச்சு அலாதியானது. எங்கே நின்றுபோனது, எந்தச் சாமானுக்கு எத்தனை மாதம் அலைந்தோம், எந்த மெக்கானிக் ஏமாற்றினான், கடைசியில் எப்படி நகர்த்தினோம் என்று போகும். ஒருத்தர் தன் பிளைமவுத் திருவான்மியூரில் படுத்துவிட, அங்கிருந்து அடையாறு வரை ஆள்வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த கதையைச் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தாத்தாவிடமும் ஒரு தள்ளின கதை உண்டு. சின்ன வயசில் எத்தனை தரம் கேட்டிருப்போம்! 1975-இல் மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் ஊரில் அவர் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறார். “கரெக்டா ஊர்த்தெரு முனையில போயி நின்னுச்சுடா சனியன். ஆறு வோல்ட் பேட்டரிதான அதுக்கு? செத்துப்போச்சு. அப்பறம் என்னா, பொண்ணு மாப்ளய எறக்கி நடக்க வுட்டுட்டு மொத்த சனமும் சேந்து தள்ளுச்சு. நான் ஸ்டேரிங்கப் புடிச்சிக்கினு கூடவே நடந்தேன்.” தள்ளினவர்கள் முக்கியதை, மேளக்காரர் மேளத்தை முதுகில் போட்டுக்கொண்டு தள்ளியதை எல்லாம் நடித்துக் காட்டுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

பிளைமவுத்தின் கதை பெரிய கதை. 1928-இல் வால்டர் கிறைஸ்லர் அதைக் கொண்டுவந்தார். ஃபோர்டும் செவர்லேயும் ஆண்டுகொண்டிருந்த மலிவுக் கார் சந்தையில் மூன்றாவதாக நுழைந்த வண்டி. விலை குறைவான காரிலும் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்தார்கள். மற்ற இருவரும் அப்போது கம்பியும் தண்டும் இழுக்கிற பிரேக்கில்தான் இருந்தார்கள். அந்தக் கிறைஸ்லர் ரயில்வே பட்டறையில் கூட்டிப் பெருக்குகிற வேலையில் ஆரம்பித்தவர். பெருக்கினவர் பட்டறையைக் கற்றுக்கொண்டு, கடைசியில் தன் பேரிலேயே ஒரு கம்பெனி நடத்தினார். நம் நாட்டில் துடைப்பம் பிடித்தவன் பிள்ளைக்கும் துடைப்பத்தைத்தானே தயாராக எடுத்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மூக்குக் கப்பல் 1620-இல் இங்கிலாந்திலிருந்து போன மேபிளவர். தங்கள் சாமியைத் தங்கள் வழியில் கும்பிட இடம் தேடிப் போனவர்களின் கப்பல். அவர்கள் போய் இறங்கிய மண்ணில் ஏற்கெனவே குடியிருந்தவர்களின் கதி என்ன ஆயிற்று என்பதை மூக்குப் பொம்மை சொல்லாது.

இந்தியாவுக்கு அது பம்பாய் வழியாக வந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிறைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டு, 1947 முதல் குர்லாவில் வண்டிகளைப் பூட்டி விற்றது. டாட்ஜ், டிசோட்டோ, பிளைமவுத் என்று மூன்று பெயர்கள். உடம்பு ஏறக்குறைய ஒன்று, மூக்கும் எழுத்தும்தான் வேறு. டிசோட்டோ 1960-லேயே நின்றுபோனது. பிளைமவுத் 2001 வரை தாக்குப்பிடித்தது. அந்த வருசம் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று நான் பேப்பரைப் படித்துச் சொன்னபோது தாத்தா அசையவில்லை. “அவன் மூடுனா மூடட்டும். நான் வுட்டப்பவே அது முடிஞ்சிபோச்சு” என்றார்.

அவர் வேலைக்குச் சேர்ந்தது மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு பெரிய வக்கீல் வீட்டில். பெயர் வேண்டாம். 1952-இல் கார் வந்தது, காரோடு தாத்தாவும் வந்தார். அதற்குமுன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாக இருந்து ஓட்டக் கற்றிருந்தார். ஆறு சிலிண்டர், சைடு வால்வு இன்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பு கொதித்து, எண்ணெய் ஆவியாகி, வண்டி விக்கி நின்றுவிடும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கென்றே ஒரு கோணித்துணியும் தண்ணிச் செம்பும் டிக்கியில் வைத்திருப்பார். அந்தச் செம்பிலிருந்து அவர் குடிக்கலாம். வீட்டுச் செம்பிலிருந்து கூடாது. அந்த வீட்டம்மா தூக்கி ஊற்றுவார், இவர் கையேந்திக் குடிப்பார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கபாலி கோயிலுக்கு மடிசார் கட்டி, ஈரம் சொட்டக் கிளம்புகிற அதே அம்மா, தாத்தா தொட்டுத் திறக்கிற கதவு வழியாகத்தான் ஏறுவார். தாத்தா துடைத்த சீட்டில்தான் உட்காருவார். அவருக்கு ஒன்றரை முழம் முன்னால்தான் தாத்தாவின் முதுகு. இத்தனையும் தீட்டில்லை. தேரடியில் இறங்கினதும் இவர் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். “ஓட்டும்போது தீட்டு இல்லடா, எறங்குனாதான் தீட்டு” என்பார் தாத்தா. சாதியைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவு நீளமானது. அம்பேத்கர் சிறுவனாக 1901-இல் அப்பாவைப் பார்க்கப் போனபோது, சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரன் ஏற்ற மறுத்தான். இரட்டை வாடகை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளே ஓட்டட்டும், நான் நடந்து வருகிறேன் என்றான். 1929-இல், படித்துப் பட்டங்கள் பெற்று அரசு விசாரணைக் குழுவில் இருந்தபோதும், சாலிஸ்காவில் குதிரைவண்டிக்காரன் அவருக்கு ஓட்ட மறுத்தான். ஓட்டத் தெரியாத நம்மாள் ஒருத்தர் ஓட்டினார். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கரின் கால் முறிந்தது. நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? இராமநாதபுரம் ஜில்லாவில் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றாமல் விட்டார்கள். ஏற்றாவிட்டால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டவர், ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். தியாகராய நகரில் புடவை வாங்க முட்டி மோதுகிற பாண்டி பஜார் அவர் பெயர்தான். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்சுக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1973-இல் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியது. பெரிய அமெரிக்கக் கார்களுக்குத் தீனி போட யாராலும் முடியவில்லை. வக்கீல் வீட்டில் அம்பாசிடர் வாங்கினார்கள். பிளைமவுத் ஷெட்டில் நின்றது. 1974-இல் தாத்தா அதைக் கேட்டார். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஆயாவின் தாலிக் குண்டு, சீட்டுப் பணம், மீதி தெருவில் ஆறு பேர் கொடுத்த கைமாத்து. மந்தைவெளிக்குப் பின்னால் கால்வாய்க் கரைக் குடிசைகளுக்கு முன்னால் அந்தக் கார் வந்து நின்றபோது ஆயா கற்பூரம் கொளுத்தினாளாம். உள்ளே வர ரோடு இல்லை. கால்வாய் ஓரமே நிறுத்தி, மழையில் தாத்தா அதிலேயே படுத்துக்கொள்வார்.

வாடகைக்கு ஓட்டினார். நம் சனங்களின் கல்யாணம், சாவு, பிரசவம் எல்லாவற்றுக்கும் அதுதான். ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கும் கோஷா ஆஸ்பத்திரிக்கும் ராத்திரியில் போனால் காசு வாங்கமாட்டார். எதிர்வீட்டு அண்ணன் ஒருத்தர் அந்தப் பின்சீட்டிலேயே பிறந்தார். அவருக்கு இன்றைக்கும் பட்டப்பெயர் பிளைமவுத்துதான். கிராமத்தில் எல்லாக் காரையும் ‘பிளசர்’ என்பார்கள். ப்ளெஷர் கார் என்பதன் மிச்சம். எங்கள் தெருவுக்கு அது சும்மா சுகத்துக்கான வண்டியாக ஒருநாளும் இருந்ததில்லை. பிற்பாடு பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, மெட்ராஸ் சிம்சன் கம்பெனி செய்த பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின் ஒன்றைப் பழசாக வாங்கிப் பூட்டினார். அப்போது நிறையப் பேர் அப்படிச் செய்தார்கள். சத்தம் லாரி மாதிரி, ஓட்டம் எருமை மாதிரி என்று நைனா சொல்வார். 1985-இல் புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டார்கள். கப்பலை மட்டும் தாத்தா திருகி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் 2003-இல் செத்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தம் எல்லாம் கூடியிருந்தது. பேச்சுவாக்கில் நான் அந்தத் தள்ளின கதையை, அவர் நடிப்பது மாதிரியே நடித்துச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த கிழவர் ஒருத்தர் எழுந்து வெளியே போய்விட்டார். ராத்திரி பாத்திரம் கழுவும்போது ஆயா சொன்னாள்.

“வண்டி நல்லாத்தான் ஓடுச்சு.”

ஊர்த்தெரு முனையில், பிள்ளையார் கோயிலுக்கு எதிரே, பத்துப் பதினைந்து பேர் குறுக்கே நின்றிருக்கிறார்கள். சைக்கிளையே இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவன், காரில் குந்திக்கொண்டு போவியா என்று கேட்டிருக்கிறார்கள். தாத்தா, இது சர்க்கார் ரோடு என்றிருக்கிறார். அவர் சொன்னது சரிதான். 1924-இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலையிலும் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டென்று அரசை ஒப்புக்கொள்ள வைத்தவர் இரட்டைமலை சீனிவாசன். அதே மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். 1925-இல் கெஜட்டிலும் வந்துவிட்டது. ஐம்பது வருசம் கழித்து அந்தத் தெருவுக்கு அந்தக் கெஜட் வந்து சேரவில்லை. சைக்கிளைத் தள்ளுற மாதிரி இதையும் தள்ளிக்கினு போ என்றிருக்கிறார்கள். ஏறக்குறைய 1,400 கிலோ எடையுள்ள வண்டி. சுற்றிப் போக ஏரிக்கரைதான், அதில் கார் போகாது. முகூர்த்த நேரம். பொண்ணு அழ ஆரம்பித்துவிட்டாள். கம்புகளும் வந்துவிட்டன.

“அவரேதான் சாவியத் திருப்பி நிறுத்துனாரு. நிறுத்திட்டு என்னப் பாத்தாரு. நானும் புள்ளத்தாச்சி மாதிரி மூச்சுமுட்டத் தள்ளுனேன். சேரி வந்ததும் சாவியப் போட்டாரு. ஒரே திருப்பு. சும்மா கும்முனு ஸ்டார்ட் ஆயிடிச்சு. ராத்திரியே ஆரம்பிச்சிட்டாரு, பேட்டரி செத்துப்போச்சுன்னு. தள்ளுனவுங்க அத்தினி பேரும் ஆமான்னு சொல்லிட்டோம்.”

கண்காட்சியில் அந்தச் சொந்தக்காரரிடம் போய், எதனால் வண்டி நின்றது என்று கேட்டேன். நல்ல மனிதர், ஆர்வமாகச் சொன்னார். ஆறு வோல்ட் பேட்டரி, அதுதான் அந்த வண்டிக்கு எப்போதும் தொல்லை என்றார். வீட்டுக்கு வந்து ஆயாவிடம் முழுவதும் சொன்னேன். திருவான்மியூரிலிருந்து அடையாறு வரை தள்ளினார்களாம் என்றேன். ஆயா கப்பலை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“அவுங்களுக்கு நெஜமாவே நின்னுச்சா?”