மாக் மண்டினில் கட்டிய செவன்

எங்கள் காருக்கு நம்பர் பிளேட் கிடையாது, கிரான் என்ற பதிவுச் சான்று கிடையாது, சாலை வரியும் கிடையாது. பட்டர்வொர்த் மாக் மண்டின் தொழிற்பேட்டையிலிருந்து செப்பாங் பந்தயத் தடம் வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டரை அது லாரியில் ஏறித்தான் கடந்தது. பட்டறையில் கையால் கட்டிய ஒற்றைக் காரைப் பொதுச்சாலையில் இறக்க வகை ஒப்புதல் வேண்டும். தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதிய விதிகள் அவை; தனியாள் ஏறிக் கடக்கக்கூடிய படிகள் அல்ல. ஆகவே முதல் குழாயை வெட்டும்போதே அண்ணன் சொல்லிவிட்டார்: "ரோட்டுக்கு வேணாம் தம்பி. செப்பாங்ல ஓட்டுவோம்."

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பழைய டொயோட்டாக்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். பட்டர்வொர்த் விமானப் படைத் தளம் 1958 முதல் 1988 வரை ஆஸ்திரேலியர் பொறுப்பில் இருந்தது. அந்த நாளில் தளத்தின் வேலியோரம் யாரோ ஒருவர் கூரையில்லாத சின்னக் கார் ஒன்றை ஓட்டிப் போனதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறார். முன்சக்கரங்கள் உடலை விட்டு வெளியே தனியாக நின்றனவாம். கதவும் இல்லையாம். அது லோட்டஸ் செவன் என்பது வெகுகாலம் கழித்தே அவருக்குத் தெரிந்தது.

இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் 1957இல் வெளியிட்ட கார் அது. முதல் வகையில் ஃபோர்டின் 1172 சிசி இஞ்சின், சுமார் 40 குதிரைத்திறன். இன்றைய சின்னக் கார்களே அதைவிட வலுவானவைதான். ஆனால் செவனில் வேண்டாதது என்று ஒன்றுமே இல்லை. இஞ்சின் பலத்தைக் கூட்டினால் நேர்சாலையில் மட்டும்தான் வேகம். எடையைக் குறைத்தால் வளைவிலும் வேகம், பிரேக்கிலும் பலம் என்பது சாப்மனின் கணக்கு.

இப்படிப் பிரதி கட்டுகிறவர்களைப் பார்த்து 'போலி' என்று சொல்வோர் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. செவன் பிறந்ததே உதிரிபாகங்களாகத்தான். அன்றைய பிரிட்டனில் முழுதாகச் செய்த காருக்குக் கொள்முதல் வரி இருந்தது, பாகங்களாக விற்றால் இல்லை. அதனால் வாங்கியவர்கள் வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தாங்களே பூட்டினார்கள். 1973இல் வரிமுறை மாறி அந்தச் சலுகை போனது. அதே ஆண்டில் லோட்டஸ் இந்தக் காரின் உரிமையை அதை விற்றுவந்த கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. 1996இல் ரான் சாம்பியன் என்ற ஆங்கிலேயர், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டைப் பிரித்து 250 பவுண்டில் இப்படியொரு கார் கட்டலாம் என்று புத்தகமே எழுதினார். உலகமெங்கும் கொட்டகைகளில் செவன்கள் எழுந்தன. வாங்கியவன் கை பட்டால்தான் முழுமையாகும் கார் இது. மாக் மண்டினில் கட்டியதும் அந்த வம்சம்தான்.

இங்கே எஸ்கார்ட்டுக்கு எங்கே போவது? அண்ணன் கேஇ70 கொரோலாவைப் பிடித்தார். பின்சக்கரங்களை இஞ்சின் சுழற்றும் பழைய அமைப்பு, செவனுக்கு ஏற்ற பின் அச்சு. இஞ்சின் ஹாஃப்கட் கடையில் கிடைத்தது. ஜப்பானில் ஓடித் தீர்ந்த காரைப் பாதியாக அறுத்து, இஞ்சினும் வயரிங்கும் டேஷ்போர்டுமாகக் கொண்டுவந்து அடுக்கி வைத்திருப்பார்கள். நாங்கள் எடுத்தது டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ: 1587 சிசி, 16 வால்வு. குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்ததை நெடுக்குவாட்டில் திருப்பி, ஏஇ86 காரின் டி50 கியர்பாக்ஸோடு பூட்டினோம்.

சட்டகம்தான் இந்தக் காரின் உயிர். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய்களை, தடித்த பலகையில் வரைந்த கோட்டின் மேல் கிடத்தி, முதலில் எல்லா மூட்டுகளுக்கும் பொட்டு வெல்டிங் மட்டும் வைக்க வேண்டும். முழு வெல்டிங்கை ஒரே மூலையில் தொடர்ந்து போட்டால் சூட்டில் குழாய் இழுத்துக்கொண்டு சட்டகமே முறுக்கிக்கொள்ளும். ஒரு மூட்டை முடித்ததும் அண்ணன் எதிர்மூலைக்குப் போவார். அது ஆறும்வரை காத்திருந்து, டேப்பை நீட்டி இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பார். இரண்டும் சமமாக வந்தால்தான் அடுத்த மூட்டு. ஒரு நாள் முழுக்க இப்படி அளப்பதிலேயே போனதுண்டு. அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

மூக்குப்பகுதியையும் மட்கார்டுகளையும் பாகான் ஆஜாமில் மீன்பிடிப் படகு செய்கிறவர் ஃபைபரில் வார்த்துக் கொடுத்தார். நம் ஊர் வெயிலில் ரெசின் சட்டென்று இறுகிவிடும். கடினமாக்கும் திரவத்தைக் குறைத்து, காலையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும் என்பது அவருக்குக் கை சொல்லும் கணக்கு. கார் மூக்கு செய்வது அவருக்கு அதுதான் முதல்முறை. ஆனாலும் கைவைத்துத் தடவிப் பார்த்தால் ஒரு மேடு பள்ளம் தட்டாது.

செப்பாங் போகும் நாளன்று விடியுமுன் லாரி கிளம்பியது. ஜூரு டோல் தாண்டி, தைப்பிங் மழையில் நனைந்து, மெனோரா சுரங்கத்தைக் கடந்து, ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே போனோம். தாப்பா ஓய்விடத்தில் தே தாரிக் குடிக்க நிறுத்தியபோது, தார்ப்பாயை விலக்கிப் பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன் தன் உள்ளங்கைகளைக் காட்டினார்.

தஞ்சோங் மாலிம் வந்ததும் என் மனம் பேச ஆரம்பித்தது. புரோட்டோன் தொழிற்சாலை இருக்கும் ஊர். அந்தப் புரோட்டோன்தான் 1996இல் லோட்டஸை வாங்கியது. 2017இல் அதன் பெரும்பங்கு சீனாவின் கீலிக்குப் போகும்வரை லோட்டஸ் மலேசியச் சொத்து. 2011இல் மலேசியத் தொழிலதிபர் டோனி பெர்னாண்டஸ் கேட்டர்ஹாமை வாங்கினார். பச்சை நிற கேட்டர்ஹாம் ஃபார்முலா ஒன் கார்கள் 2012 முதல் 2014 வரை செப்பாங்கிலேயே ஓடின. ஆக, செவனைப் பெற்ற நிறுவனமும் வளர்த்த நிறுவனமும் சில ஆண்டுகள் ஒரே நேரத்தில் மலேசியர் கையில் இருந்திருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு மெக்கானிக் அதே காரைக் கட்டினால் பட்டறை வாசலைத் தாண்ட முடியவில்லை. பிரிட்டனில் தனியாள் கட்டிய ஒற்றைக் காரைச் சோதித்து, தேறினால் சாலைக்கு அனுப்பும் முறை இருக்கிறது. பிரேக், விளக்கு, சீட் பெல்ட் பொருத்திய இடம், ஸ்டீயரிங், புகை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். சோதனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி, அப்படியொரு வாசல் இங்கும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பிறையிலும் மாக் மண்டினிலும் வெல்டிங் டார்ச்சைப் பிடித்திருக்கும் பிள்ளைகளுக்கு அது திறக்கும் பாதை பெரிது.

செப்பாங் 1999இல் திறந்த தடம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். ஹெல்மெட்டும் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு அண்ணன் முதலில் போனார், பிறகு நான். உட்கார்ந்தால் கையை நீட்டித் தாரைத் தொட்டுவிடலாம். நேர்பாதையில் பெரிய கார்கள் எங்களைச் சுலபமாகத் தாண்டின. செவனின் தட்டையான முகத்தைக் காற்று பிடித்து நிறுத்துகிறது. வளைவுகளில் கதையே வேறு. முதல் வளைவு வலப்பக்கம் இறுக்கமாகச் சுழன்று, உடனே இடப்பக்கம் திரும்பிச் சரிவில் இறங்கும். அங்கே பிரேக்கை மிதித்தபோது முன்சக்கரம் மேலும் கீழும் ஆடுவது கண்ணெதிரே தெரிந்தது. நான் வெல்டிங் போட்ட தாங்கி ஒன்று அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே வளைந்தேன். வேறெந்தக் காரிலும் இப்படியொரு மகிழ்ச்சி எனக்குக் கிடைத்ததில்லை. கியர்பாக்ஸ் சுரங்கத்திலிருந்து ஏறிய சூட்டில் இடக்கால் வெந்தது. அதற்குத் தடுப்பு போட்டாக வேண்டும்.

பிட்டுக்குத் திரும்பியதும் அண்ணன் ஸ்பேனரோடு குனிந்து ஒவ்வொரு போல்ட்டாகச் சோதித்தார். பின் டேம்பர் நட்டு ஒன்று இலேசாகத் தளர்ந்திருந்தது. நைலான் நட்டாக மாற்றச் சொன்னார். பிறகு, வெல்டிங் போடுமுன் எடுத்த படங்கள், குழாய் வாங்கிய ரசீதுகள், அளவுகள் எழுதிய நோட்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அதையெல்லாம் ஒரு ஃபைலாப் போடு தம்பி. அதிகாரிங்களுக்கு மனு எழுதுவோம். காரைப் பார்த்துட்டு அவங்க என்ன சொல்றாங்கன்னு கேப்போம்."