கடைசி எழுத்தைக் கேட்டு வாங்குங்க

லீவுக்கு மைசூரு போன இடத்துல, சாமுண்டி மலைப் படியில எங்க எட்டு வயசுப் பொண்ணு வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டா. முட்டிக்கு மேல வரைக்கும் மாவுக்கட்டு. மண்டகள்ளி விமான நிலையத்துக்கு வர்றது சின்ன ஏடிஆர் விமானம், படியேறணும். அதனால கார்ல பெங்களூரு போய்க் கிளம்பினோம்.

போன்ல "வீல்சேர் வேணும், கொஞ்சம் நொண்டி நடப்பா"ன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடதுதான். டிக்கெட்ல போடற குறியீட்டோட கடைசி எழுத்துலதாங்க விஷயமே இருக்கு. 'ஆர்'னா படியேறுவாங்க, தூரம் நடக்க முடியாது. 'எஸ்'னா படியும் ஏற முடியாது. 'சி'னா சீட் வரைக்கும் கொண்டு போய் விடணும்.

எங்களுக்கு 'ஆர்'. விமான வாசலோட நாற்காலி நின்னுடுச்சு. தூக்கிக்கிட்டுப் போனேன், குறுகலான நடுப்பாதை, ஒவ்வொரு சீட்லயும் கட்டு இடிச்சுது. அவ அழலை. "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க"ன்னு மட்டும் சொன்னா.

இன்னொண்ணு. கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகலைன்னா, பல நிறுவனங்கள் கட்டைப் பிளந்துவிடச் சொல்வாங்க. வீக்கம் கூடினா ரத்த ஓட்டம் தடைப்படும். டாக்டர் கடிதமும் கையில இருக்கட்டும்.

2022 மே மாசம் ராஞ்சியில ஒரு மாற்றுத்திறனாளிப் பையனை விமானத்துல ஏத்தலை. அந்த நிறுவனத்துக்கு டிஜிசிஏ 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டுச்சு. அதனால தயங்காம கேளுங்க, அது நம்ம உரிமை.

சிங்கப்பூர்ல விமானம் மாறும்போது 'சி'ன்னு மாத்தச் சொன்னேன். ஒடுக்கமான நாற்காலியோட வந்த அம்மா, என்னைக் கேக்காம அவகிட்ட குனிஞ்சு, "எந்தக் காலும்மா வலிக்குது?"ன்னாங்க.

மூணு நாளைக்கப்புறம் அப்பத்தான் சிரிச்சா.