எங்கள் ஊர் வெள்ளவத்தை

ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் கட்டுரை கேட்டிருந்தேன். யாவரும் வெள்ளவத்தையிலே பிறந்து வளர்ந்தவர்கள். ஆயினும் பெரும்பாலோர், தாம் விடுமுறைக்கு மட்டும் சென்றுவரும் யாழ்ப்பாணத்துக் கிராமங்களையே ஊரென்று எழுதியிருந்தனர். காரணம் கேட்டேன்.

"சேர், வெள்ளவத்தைக்கு என்ன வரலாறு இருக்குது?" என்றான் ஒருவன்.

நான் அவர்களுக்கு ஓர் ஆலையின் கதையைச் சொன்னேன். ஹவ்லொக் வீதியில் இன்று வானளாவும் தொடர்மாடிகள் நிற்கும் நிலத்திலேதான் அன்று வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இயங்கியது. சிங்களவரோடு, கடல் கடந்து வந்த மலையாளிகளும் அங்கே உழைத்தனர். 1933ஆம் ஆண்டு கூலிக் குறைப்பை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1920களில் கொழும்புத் தொழிலாளரின் பெருந்தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க அதற்கு எதிராக நின்றார். வாலிபர் சங்கத்து இளைஞரோ தொழிலாளர் பக்கம் நின்றனர். அவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா ஆலைத் தொழிலாளரின் புதிய சங்கத்துக்குத் தலைவரானார். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தவர்களும் இத்தகைய இளைஞரே.

இவ்விடத்தில் நிறுத்தியிருந்தால் கதை இனித்திருக்கும். ஆனால் பாதி வரலாற்றைச் சொல்வதும் பொய் சொல்வதே அன்றோ? 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து முழங்கிய அதே கொல்வின், அமைச்சராக இருந்து உருவாக்கிய 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக நிலைநிறுத்தியது. இடதுசாரிகளாகிய நாம் இதைப் பிறர் சொல்லிக் கேட்கும்வரை காத்திருக்கலாகாது.

1983 ஜூலையில் வெள்ளவத்தை எரிந்தது. அப்போது இளைஞராயிருந்த என் தந்தை பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாகித் தரையில் படுத்தார். பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினார். இரண்டு ஆண்டுகளின்பின் இதே ஊருக்குத் திரும்பி வந்தார். "அடித்தவனும் இவ்வூரான், தன் வீட்டில் ஒளித்து வைத்தவனும் இவ்வூரான். பிறகு நான் எங்கே போவது?" என்பார்.

ஊர் என்பது பாட்டன் விட்டுச்சென்ற காணி மட்டுமன்று. மனிதர் கூடி உழைத்த இடமும், கூடிப் போராடிய இடமும், தவறிய இடமும் ஊரே. அதை மறந்தவன் சொந்த வீட்டிலும் வாடகைக்குக் குடியிருப்பவனே.

ஒருவருக்கும் புள்ளி இடாமல் கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை ஹவ்லொக் வீதிக்கு வாருங்கள் என்றேன், பார்த்தபின் எழுதலாம்.