பின்பாட்டுக்காரர்

'அவனுக்கு இவன் பின்பாட்டுப் பாடுகிறான்' என்பது நம் பேச்சில் வசை. சொந்த புத்தியில்லாமல் தலையாட்டுகிறவன் என்று அர்த்தம். அமெரிக்கப் பாடகி ஜூடித் ஹில்லின் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் இந்த வழக்கின்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

2013இல் அமெரிக்காவின் 'தி வாய்ஸ்' போட்டிக்கு வந்தார் ஜூடித். முதல் சுற்றில் நடுவர்கள் நால்வரும் மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். குரல் பிடித்தால் பொத்தானை அமுக்குவார்கள், நாற்காலி திரும்பும். ஜூடித்துக்கு நான்கு நாற்காலிகளும் திரும்பின. எனக்கோ அந்த முதுகுகள்தான் மனதில் நின்றன. அவை அவருக்குப் பழகிய காட்சி. 2009இல் பின்பாட்டுக்காரராக அவர் பார்த்து நின்ற முதுகு மைக்கேல் ஜாக்சனுடையது. லண்டனில் நடக்கவிருந்த ஐம்பது நிகழ்ச்சிகளுக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஜூன் 25 அன்று ஜாக்சன் இறந்துபோனார். ஜூலை 7, அஞ்சலிக் கூட்டத்தில் 'ஹீல் தி வேர்ல்ட்' பாட்டை முன்னால் நின்று பாடியவர் ஜூடித். யார் இந்தப் பெண் என்று அன்றைக்குத்தான் உலகம் கேட்டது.

சின்ன வயதில் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வரும். கூட்டத்தில் இடம் கிடைக்காமல் ஒருமுறை பந்தலுக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாருடைய முதுகும் தெரியும். முன்பாட்டுப் பாடும் அண்ணாவிக்குப் பக்கத்தில் ஜால்ரா போட்டுப் பின்பாட்டுப் பாடிய கிழவரின் கண், அண்ணாவியின் தோளைவிட்டு நகரவேயில்லை. தோள் ஏறினால் இவர் மூச்சு வாங்குவார். தோள் தளர்ந்தால் வரியின் வாலைப் பிடித்துக்கொள்வார். நடுச்சாமம் தாண்டி ஒரு கட்டத்தில் அண்ணாவிக்குத் தொண்டை அடைத்தது. வரி பாதியில் இருக்கிறது. கிழவர் அதே சுருதியில், அதே இழுப்பில் அதை எடுத்துப் பாடினார். நாலைந்து வரி போயிருக்கும். அதற்குள் அண்ணாவி கருப்பட்டிக் காப்பியை இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் திரும்பச் சேர்ந்துகொண்டார். முன்னால் இருந்த சனம் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

விடிந்ததும் கேட்டேன், "நீங்க ஏன் தாத்தா முன்னால இருந்து பாடல?"

"அண்ணாவிக்கு எப்பம் மூச்சு முட்டும்னு எனக்குத்தான் மக்களே தெரியும். அந்த எடத்துல நான் இருக்கணும்லா?"

அந்தப் பதிலை இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன். பின்பாட்டு தனி வித்தை. நாலு பேர் ஒரு சொல்லை முடிக்கும்போது கடைசி எழுத்து நாலு தடவை கேட்கக் கூடாது. 'ஸ்' என்று முடிகிற சொல்லானால் ஒருவர் மட்டும் அதைச் சொல்ல, மற்றவர்கள் உயிரொலியோடு நிறுத்திக்கொள்வதுண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது. குரலில் இருக்கும் நடுக்கத்தை அடக்கி, பக்கத்துக் குரலுக்குள் கரைய வேண்டும். இத்தனையும் கற்றவரைப் போட்டி மேடையில் ஏற்றி, உன் குரலைத் தனியாகக் காட்டு என்கிறோம்.

அதே 2013இல் வெளிவந்த 'ட்வென்டி ஃபீட் ஃபிரம் ஸ்டார்டம்' ஆவணப்படம் இந்தப் பின்பாட்டுக்காரர்களைப் பற்றியது. அதில் டார்லின் லவ் வருகிறார். 1962இல் அவர் பாடிய 'ஹீ இஸ் எ ரெபெல்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் இசைத்தட்டில் அச்சான பெயர் 'தி கிரிஸ்டல்ஸ்' என்ற வேறொரு குழுவுடையது. பின்னாளில் அவர் வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனார். ஒருநாள் ஒரு வீட்டில் குளியலறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது வானொலியில் தம்முடைய கிறிஸ்துமஸ் பாட்டையே கேட்டார். அந்தக் குளியலறையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

ஜூடித்தும் அந்தப் படத்தில் இருக்கிறார். அஞ்சலிக் கூட்டத்துக்குப் பிறகு அவர் பின்பாட்டுக்குப் போனால், நீ ஏன் இன்னும் பின்னால் நிற்கிறாய் என்று ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள். வீட்டு வாடகை கட்ட வேண்டும். அடையாளம் தெரியாமலிருக்க விக் வைத்துக்கொண்டு போய்ப் பாடியிருக்கிறார்.

போட்டியில் அவர் ஜெயிக்கவில்லை. கடைசி எட்டுப் பேரில் ஒருவராக நின்று வெளியேறினார். பதினாறு வயது டேனியல் பிராட்பெரி பட்டம் வாங்கினார். அதில் எனக்கு வருத்தமில்லை. யாரோடு சேர்ந்து வேலை செய்ய ஆசை என்று ஒரு பேட்டியில் கேட்டபோது பாடகர் பிரின்ஸின் பெயரைச் சொன்னார் ஜூடித். அதைப் பார்த்த பிரின்ஸே தொலைபேசியில் கூப்பிட்டார். 2015இல் இருவரும் சேர்ந்து உருவாக்கிய ஜூடித்தின் 'பேக் இன் டைம்' பாடல் தொகுப்பு வந்தது.

இப்போது ஜூடித்துக்குச் சொந்தக் குழு இருக்கிறது. அதில் பேஸ் கித்தார் வாசிப்பவர் அவருடைய அப்பா. ஜப்பானில் பிறந்த அம்மா மிச்சிகோ கீபோர்டில். மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருவரும் வாசிக்கிறார்கள்.